கேட்வேல ஆளை எண்ணி நிறுத்திட்டா எலிஃபெண்டா பிழைச்சிடுமா?

கேள்வி: மாட்டுங்கா வாசகர், நவம்பர் 8, 2025

தீபாவளி லீவுக்கு ஊர்லருந்து வந்த மச்சான் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு, மும்பைக்குப் பக்கத்துக் கடல்ல இருக்கிற எலிஃபெண்டா தீவுக்குப் போனோம். லாஞ்ச் ஏறவே பெரிய க்யூ, மேல போற படிக்கட்டுல ஆள் மேல ஆள், குரங்கு கையிலருந்து ஜூஸ் பாட்டிலைப் பிடுங்கிட்டு ஓடுது, படிக்குக் கீழ புதருக்குள்ள எட்டிப் பாத்தா பூரா பிளாஸ்டிக். ஊட்டிக்கு இ-பாஸ் போட்ட மாதிரி, படகு கிளம்புற கேட்வே ஆஃப் இந்தியாலயே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு நிறுத்திட்டா வேலை முடிஞ்சுது. இல்லையா, பிலிப்பைன்ஸ்ல போராகே தீவை மூடின மாதிரி ஆறு மாசம் இழுத்து மூடணும். இதுக்குப் போய் கிராம சபை, கமிட்டி, மக்கள் கருத்துன்னு எதுக்கு இழுக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நவம்பர் 8, ராத்திரி

எண்ணிக்கை வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா அது கடைசியில வர வேண்டிய விடை. கல்யாணத்துல எத்தனை இலை போடலாம்னு பந்தியில நிக்கிறவர் சொல்ல முடியாது, அடுப்படியில இருக்கிற தவசுப்பிள்ளை, தண்ணி எவ்வளவு, அரிசி எவ்வளவுன்னு பாத்துதான் சொல்வார். எலிஃபெண்டாவுல அந்த அடுப்படியை இதுவரைக்கும் யாரும் கேக்கல, அதுதான் என் வருத்தம்.

நாம கேட்வேல நின்னு பாக்கும்போது அது குகையும் குரங்கும் இருக்கிற ஒரு பிக்னிக் ஸ்பாட். ஆனா அங்க ஷேத்பந்தர், ராஜ்பந்தர், மோராபந்தர்னு மூணு ஊர் இருக்கு, சுமார் 1200 பேர் குடியிருக்காங்க, தீவோட உள்ளூர்ப் பேர் காராபுரி, அந்தப் பேர்லயே சொந்தமா ஒரு கிராம பஞ்சாயத்து இருக்கு. நிர்வாகத்துல அது மும்பையே கிடையாது, ராய்கட் மாவட்டம், உரண் தாலுகா. நாம எல்லாரும் மும்பை டூரிஸ்ட் ஸ்பாட்னு எழுதுற இடத்துக்கு தாசில்தார் உரண்ல உக்காந்திருக்கார், படகு மும்பைலருந்து போகுது, குகை டெல்லி கையில இருக்கு. 1987லருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற இடம் இது. அந்தப் பட்டியல்ல இருக்கிறது குகைதான். ஆனா தீவுன்னா குகை மட்டும் இல்லையே.

ஊட்டி உதாரணத்தையே எடுத்துப்போம். 2024 மே 7லருந்து இ-பாஸ் வந்துச்சு. அப்புறம் 2025 ஏப்ரல்லருந்து சென்னை ஹைகோர்ட் எண்ணும் சொல்லிடுச்சு, ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நெரிசலுக்கு அது ஒரு பதில்தான், ஒத்துக்கறேன். ஆனா உள்ள போன 6,000 வண்டியில இருந்து இறங்கின ஜனம் குடிக்கிற தண்ணி எங்கருந்து வருது, போடுற குப்பை எந்தப் பள்ளத்துக்குப் போகுதுன்னு அந்த எண் சொல்லாது. அதை உள்ளூர்ல உக்காந்துதான் எழுதணும்.

நவம்பர் 9

நான் பாக்கிற வேலை கணக்கு எழுதுறது, சயான் பக்கம் ஒரு சின்ன கூட்டுறவு சொசைட்டில. அதனால எங்க போனாலும் காசு எந்தப் பக்கம் ஓடுதுன்னுதான் எனக்கு முதல்ல கண்ணு போகும். ஒரு ஆள் எலிஃபெண்டா போறார்னு வச்சுக்கங்க. லாஞ்ச் டிக்கெட், அது கேட்வே படகுக்காரங்களுக்கு. குகை நுழைவுச் சீட்டு, அது தொல்லியல் துறை வாங்கி மத்திய அரசு கஜானாவுக்குப் போயிடும், இந்தியா முழுக்க அந்தத் துறை பாத்துக்கிற எல்லா இடத்துக்கும் அதான் வழி. காராபுரி பஞ்சாயத்துக்கு நேரா வர்றது, இறங்கின பிறகு ஆளுக்கு வாங்குற ஒரு சின்ன வரி மட்டும். இந்த மூணு ரசீதுல ரொம்பச் சின்னது அதுதான். அப்புறம் டாய் ட்ரெயின், டோலி, படிக்கட்டு ஓரத்துல நீல தார்ப்பாய் கட்டின கடை, சாப்பாட்டுக் கடை, இதுல வர்றது குடும்பம் குடும்பமா தனித்தனிக் காசு.

செலவைப் பாருங்க. குகை வளாகத்துக்குள்ள பெருக்குறதுக்கு துறை ஆள் வச்சிருக்கு. ஜெட்டிலருந்து படிக்கட்டு வரைக்கும், புதர், ஊர், கரை, சதுப்புக்காடு, அங்க விழுற பாட்டிலும் சிப்ஸ் கவரும் பஞ்சாயத்துத் தலையில. தீவுங்கறதால அதைப் படகுல ஏத்தி கரைக்குக் கொண்டு வரணும், அதுக்கும் காசு. ரொம்பச் சின்ன ரசீது ரொம்பப் பெரிய செலவைச் சுமக்குது. எங்க சொசைட்டி கணக்குல இப்படி ஒரு தலைப்பு இருந்தா ஆடிட்டர் அன்னைக்கே கேட்டிருப்பார்.

அதனால எனக்கு முதல் கேள்வி எத்தனை பேர் வரலாம்ங்கறது இல்ல. வர்ற ஒவ்வொரு ஆள்கிட்டருந்தும் எவ்வளவு காசு அந்தத் தீவுலயே நிக்குது, அதைச் செலவு பண்ற பேனா யார் கையில இருக்கு, அதான்.

நவம்பர் 10

இன்னைக்கு திங்கக்கிழமை, குகைக்கு லீவு. இங்க கருத்து எழுதுற செல்வி அக்கா கேட்டிருந்தாங்க, வாரத்துல ஒரு நாள் மூடினா போதாதான்னு. ஏற்கனவே மூடித்தான் இருக்கு அக்கா. அந்த நாளை பஞ்சாயத்துத் திட்டத்துல கரை சுத்தம், படி பழுது, குப்பைப் படகு, இதுக்குன்னு எழுதி வச்சு கூலியும் ஒதுக்கணும், அவ்வளவுதான்.

நவம்பர் 13

போராகே விஷயத்துக்கு வர்றேன். 2018 ஏப்ரல் கடைசியில மூடி அக்டோபர் கடைசியில திறந்தாங்க, ஆறு மாசம். சாக்கடை நேரா கடல்ல விட்டுக்கிட்டிருந்த ஹோட்டலையெல்லாம் பிடிச்சாங்க, அது நல்ல விஷயம்தான். திறக்கும்போது ஒரு நாளைக்கு 6,405 டூரிஸ்ட் வந்து இறங்கலாம், எந்த நேரத்துலயும் தீவுல 19,215 டூரிஸ்ட்டுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு எண் போட்டாங்க. அது எல்லாரும் சொல்றது. சொல்லாம விடுறது என்னன்னா, மூடுறதுன்னு முடிவு மணிலாவுல நடந்துச்சு, அந்த ஆறு மாசம் வேலை போனது தீவுல படகு ஓட்டினவங்களுக்கும் ரூம் பெருக்கினவங்களுக்கும். காராபுரிய ஆறு மாசம் மூடினா நமக்கு ஒரு பிக்னிக் போச்சு, அவங்களுக்கு வருஷ சாப்பாடே போச்சு.

தாய்லாந்து மாயா பே வேற மாதிரி. 2018 ஜூன்ல மூடி 2022 ஜனவரிலதான் திறந்தாங்க. அங்க குடியிருக்க ஆளே இல்ல, அதனால மூட முடிஞ்சுது. பவளம் நட்டாங்க, கருந்துடுப்பு சுறா திரும்பி வந்துச்சு. இப்பவும் வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர் மூடிடுறாங்க, படகு அந்த வளைவுக்குள்ள நுழையக் கூடாது, பின்பக்கமா இறக்கி நடக்க விடுறாங்க. இதுல எனக்குப் பிடிச்சது அந்தப் பின்பக்கத்து வழி. ஆளை எண்ணறதோட நிறுத்தாம, எந்தப் பக்கமா வரணும், எங்க நிக்கணும்னு யோசிச்சிருக்காங்க.

ஆனா எனக்கு ரொம்ப உறைச்சது ஆஸ்திரேலியாவோட லார்ட் ஹவ் தீவு. ஒரு நேரத்துல 400 டூரிஸ்ட்டுக்கு மேல தங்க முடியாது. கேட்டதும் எல்லாரும் 400ன்னு அந்த நம்பரைப் பிடிச்சுக்கறாங்க. அந்தத் தீவை நடத்துற போர்டுல மொத்தம் ஏழு பேர், அதுல நாலு பேர் தீவு ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்புறவங்க. ஏழுல நாலு! பெரும்பான்மை அவங்ககிட்ட. அதனாலதான் அந்த 400 நிக்குது, கோர்ட்டோ போலீஸோ தள்ளி நிறுத்தல. காராபுரி பத்தி முடிவெடுக்கிற எந்த மேஜையிலயாவது ஏழுல நாலு நாற்காலி அந்த மூணு ஊருக்கு இருந்தா, மாட்டுங்கா அண்ணன் கேட்ட எண்ணை அவங்களே சொல்லிடுவாங்க, நம்மள விடக் கண்டிப்பாவும் சொல்வாங்க.

நவம்பர் 16

இன்னைக்குப் போய்ட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை கூட்டம் எப்படி இருக்கும்னு பாக்கத்தான் ஞாயித்துக்கிழமையே போனேன். படிக்கட்டு பாதியில எலுமிச்சை ஜூஸ் போடுற ஒரு மாவ்ஷி, அதாவது மராத்தி அம்மாகிட்ட உக்காந்துட்டேன், எனக்குத் தெரிஞ்ச மராத்தியில பேச்சுக் கொடுத்தேன். குப்பை பத்தித்தான் கேட்டேன், அவங்க தண்ணி பத்தியே பேசினாங்க. மழைத் தண்ணிதான் அங்க ஆதாரம், ஒரு சின்ன அணை இருக்கு, கிணறு இருக்கு, மார்ச் தாண்டினா கஷ்டம். அதே மார்ச், ஏப்ரல், மே பரீட்சை லீவுக்கு நம்ம ஜனமெல்லாம் ஊர்லருந்து கிளம்பி வந்து இங்க இறங்குது. வர்றவங்க முகம் கழுவக் கேப்பாங்க, குழந்தைக்குக் கேப்பாங்க, இல்லைன்னு எப்படிச் சொல்றதுங்கறாங்க. "தண்ணி கேட்டா மறுக்கக் கூடாதுல்ல பேட்டா"ன்னாங்க.

கரண்ட் பத்தியும் சொன்னாங்க. 2018 பிப்ரவரிலதான் கடலுக்கடியில ஏழரை கிலோமீட்டர் கேபிள் போட்டு கரண்ட் வந்துச்சு. அதுக்கு முன்னாடி சாயங்காலம் கொஞ்ச நேரம் ஜெனரேட்டர், அவ்வளவுதான். எதிர்ல நவி மும்பை துறைமுகத்துல ராத்திரி பூரா பகல் மாதிரி விளக்கு, இந்தப் பக்கம் பசங்க அரிக்கேன்ல படிச்சாங்க. சுதந்திரம் வந்து எழுபது வருஷம் அப்படி இருந்த ஊரு. உலகம் பூரா வந்து போட்டோ எடுத்துட்டுப் போன ஊரு. இதை எழுதும்போதே எனக்குக் கோவம் வருது.

நவம்பர் 17

நேத்து படகுல திரும்பி வரும்போது யோசிச்சது. பாட்டிலுக்கு டெபாசிட் வைக்கலாம்னு ரமேஷ் அண்ணன் எழுதியிருந்தார், நீலகிரில டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர்றாங்களே அது மாதிரி. 2022ல ஹைகோர்ட் சொல்லி ஆரம்பிச்சு, காட்டுல யானைக் கால்ல குத்துற உடைஞ்ச பாட்டில் நல்லாவே குறைஞ்சுது. நல்ல யோசனை அண்ணே. டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கிற கவுண்டர் தீவு ஜெட்டில இருக்கணும், அதை பசத் கட் (மகளிர் சுயஉதவிக் குழு) நடத்துற ஊர்ப் பொண்ணுங்க கையில கொடுக்கணும், திரும்ப வாங்காம விட்டுப் போற காசு அவங்களுக்கு. அப்ப புதருக்குள்ள கிடக்கிற பாட்டிலுக்கும் விலை வந்துடும், கடைக்காரங்களே பொறுக்கிடுவாங்க.

ஒருத்தர் கேட்டிருந்தார், பாட்டிலே வேண்டாம், ஜெட்டில சுத்திகரிப்புத் தண்ணி மெஷின் வச்சா என்னன்னு. நேத்து மாவ்ஷி பேசினதைக் கேட்டப்புறம் எனக்கு அது சரியாப் படல. அந்த மெஷினுக்குத் தண்ணி எங்கருந்து? தீவுத் தண்ணியத்தான் எடுக்கும், மார்ச்சுக்கப்புறம் அது அவங்க குடம். மெஷின் கேட்வேல இருக்கணும். லாஞ்ச் ஏறுறதுக்கு முன்னாடி நம்ம பாட்டிலை நம்ம கரையில நிரப்பிக்கணும். கழிப்பறையும் அப்படித்தான், கேட்வே பக்கம் நல்ல கழிப்பறை கட்டினா தீவுல அவ்வளவு தண்ணி மிச்சம்.

இதுலதான் சிக்கலும் இருக்கு. காராபுரி பஞ்சாயத்துக்கு கேட்வேல ஒரு குழாய் போடக் கூட அதிகாரம் கிடையாது. அங்க மாநகராட்சி, துறைமுகம், மாரிடைம் போர்டுன்னு மூணு நாலு பேர். தீவோட திட்டத்துல பாதி வேலை தீவுக்கு வெளிய இருக்கு, அதனால அவங்க எல்லாரையும் பஞ்சாயத்து கூப்பிட்டா வந்து உக்காரணும்னு ஒரு ஏற்பாடு வேணும். இப்ப நடக்கிறது தலைகீழ், அவங்க கூப்பிட்டா சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், படகு பிடிச்சு வரணும்.

நவம்பர் 17, கொஞ்ச நேரம் கழிச்சு

கேட்வே பக்கத்துல, கொலாபா ரேடியோ கிளப் கிட்ட வரப்போற புது ஜெட்டி பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க ஹைகோர்ட் போனாங்க, 2025 ஜூலைல நிபந்தனையோட அனுமதி வந்துச்சு. அங்க பேசினது ட்ராஃபிக், பழைய கட்டடம், கடலோர அழகு. நியாயமான கவலைதான், அவங்க தெரு அது. ஆனா இந்த முனையில ஜெட்டி பெருசானா அந்த முனையில இறங்குற ஜனமும் பெருசாகும். படகு கிளம்புற தெரு பேசுற அளவுக்கு படகு போய்ச் சேர்ற ஊரும் பேசணும்.

நவம்பர் 22

ரோப்வே. மும்பை சிவ்ரி ஹாஜி பந்தர்லருந்து எலிஃபெண்டாவுக்கு கடலுக்கு மேல சுமார் 8 கிலோமீட்டர், மும்பை துறைமுக நிர்வாகம் சில வருஷம் முன்னாடி கொண்டு வந்த திட்டம், இன்னும் கம்பி இழுக்கல. "வந்தா நல்லதுதானே, மழைக்காலத்துலயும் போகலாம், படகுப் புகை இல்ல"ன்னு ஒரு தம்பி எழுதியிருக்கார். தம்பி, எங்க ஊர்க் கதையைச் சொல்றேன்.

எங்க அப்பா ஊரு பாம்பன். சித்தப்பா தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டினார். அப்பல்லாம் ரோடு பாதி வழிலயே நின்னுடும், அதுக்கப்புறம் மணல்ல, தண்ணி ஓரத்துல, உள்ளூர் வேனும் ஜீப்பும்தான் போகும். ஆபத்துதான், அசௌகரியம்தான், சக்கரம் புதைஞ்சா எல்லாரும் இறங்கித் தள்ளணும். ஆனா ராமேஸ்வரம் வந்த டூரிஸ்ட் அந்தக் கடைசி கொஞ்ச தூரத்துக்கு உள்ளூர் ஆளுக்குக் காசு கொடுத்தாத்தான் 1964 புயல்ல அழிஞ்ச மாதா கோயிலையும் ஸ்டேஷனையும் பாக்க முடியும். 2017ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்துச்சு. இப்ப கோயம்புத்தூர்லருந்து காரை எடுத்தா முனை வரைக்கும் நிறுத்தாம போகலாம், செல்ஃபி எடுத்துட்டு அன்னைக்கே திரும்பலாம். வேன் போச்சு. சித்தப்பா அந்த வண்டியை வித்துட்டு மதுரைல டிரைவர் வேலைக்குப் போனார். கூட்டம் பல மடங்கு ஆச்சு, சங்கு கடை பெருகுச்சு, மீனவக் குடிசைகள் அதே குடிசைகள்தான்.

ரோடு வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன், அங்க ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு வேணும். ரோடு போடும்போது வேன்காரங்களைக் கூப்பிட்டு, ஒரு இடத்தோட உங்க காரை நிறுத்துங்க, அதுக்கு மேல உள்ளூர் மின்சார வண்டிதான்னு ஒரு வரி எழுதியிருந்தா போதும். அந்த ஒரு வரியை எழுத ஆள் இல்ல, ஏன்னா அந்த மேஜையில அவங்க இல்ல.

காராபுரியில அந்தக் கடைசி கொஞ்ச தூரம் எது? ஜெட்டிலருந்து படி வரைக்கும் டாய் ட்ரெயின், படி ஏற டோலி, 120 படிக்கட்டு, அதோட ரெண்டு பக்கமும் கடை. அந்த ஊரோட வருமானம் பூரா அந்தப் படிக்கட்டுலதான். ரோப்வே ஜனத்தை மேல மலைக்கே தூக்கிட்டுப் போய் இறக்கிடுச்சுன்னா அத்தனை கடையும் ஒரே நாள்ல யாரும் நடக்காத பாதையில நிக்கும். டிக்கெட் காசு ரோப்வே கம்பெனிக்கு. அதனால தம்பி, ரோப்வே வருதா வரலையாங்கறதை விட, எங்க இறக்குது, யார் பங்குதாரர்ங்கறதை முதல்ல கேளுங்க.

நவம்பர் 23

"கடை வச்சிருக்கிறவங்கல்லாம் ஆக்கிரமிப்பு, அவங்களைத் தூக்கினாலே தீவு சுத்தமாயிடும்"னு ஒருத்தர். இல்லைங்க. அது ஆக்ரி, கோலி ஜனங்களோட ஊரு, மீன்பிடிச்சு, விவசாயம் பண்ணி இருந்தவங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்துலருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கு மேல 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதின்னு சட்டம் இருக்கு, கரையில கடலோர விதி, சதுப்புக்காட்டுக்குத் தனி விதி. ஒரு கூரையை மாத்தணும்னாலும் யார்கிட்ட கேக்கணும்னு தெரியாம அலையுறாங்க. இவங்களைத் தூக்கிட்டுப் பாதுகாக்கிறது பாதுகாப்பு இல்ல.

நவம்பர் 30

ஹோம்ஸ்டே வரட்டும், அதுதான் ஊர் ஜனத்துக்கு நேரா காசுன்னு செல்வி அக்கா சொல்றாங்க. இதை நான் ஒரு வாரமா மனசுல போட்டு உருட்டிக்கிட்டிருக்கேன்.

இப்ப டூரிஸ்ட் ராத்திரி தங்கக் கூடாது, சாயங்காலம் கடைசி படகோட தீவு காலி. எனக்கு முதல்ல அக்கா சொல்றதுதான் சரின்னு பட்டுச்சு. கேரளாவுல குமரகத்துல 2008ல பொறுப்பு சுற்றுலான்னு ஆரம்பிச்சப்போ ரிசார்ட்டுக்கு வேண்டிய காய்கறியையும் பொருளையும் குடும்பஸ்ரீங்கற மகளிர் குழுப் பொண்ணுங்ககிட்டருந்து வாங்கணும்னு ஏற்பாடு பண்ணாங்க, விலையையும் முன்னாடியே பேசி வச்சாங்க. டூரிஸ்ட் காசு ஊர் வீட்டு வாசல் வரைக்கும் வந்துச்சு. அது மாதிரி இங்கயும் ஏன் வரக் கூடாது?

ஆனா குமரகத்துல தண்ணிக்கா பஞ்சம்? காராபுரியில ஒரு ஆள் ராத்திரி தங்கினா குளியல், கழிப்பறை, துணி, படுக்கை விரிப்பு, இதெல்லாம் சேர்ந்து பகல்ல வந்து போற ஆளை விடப் பல மடங்கு தண்ணி. இன்னொரு பயமும் இருக்கு. ராத்திரி தங்கலாம்னு கதவு திறந்தா முதல் ரெண்டு வருஷம் ஊர்க்காரங்க ரூம் இருக்கும், அப்புறம் கரையிலருந்து ஒருத்தர் வந்து பத்து வீட்டை லீசுக்கு எடுப்பார். இது நான் கற்பனை பண்றது இல்ல, மலையில கடற்கரையில எங்கயும் நடக்கிறதுதான்.

அதனால இப்ப என் நினைப்பு, ரூம் வேண்டாம், சாப்பாடு வேணும். அரிசி பாக்ரி, பொம்பில் வறுவல், சோல்கடி, ஊர் வீட்டுல உக்காந்து மதியச் சாப்பாடு, முன்கூட்டியே சொல்லி வச்சு, மூணு ஊரும் முறை போட்டு. முறை போடறது ரொம்ப முக்கியம், ஏன்னா படகு வந்து நிக்கிறதும் கடை இருக்கிறதும் ஷேத்பந்தர் பக்கம், அங்க கொஞ்சமாவது காசு புழங்குது, அடர்ந்த காட்டோரம் இருக்கிற மோராபந்தர் வரைக்கும் யாரும் நடக்கிறதே இல்ல. ஊருக்குள்ளயே இந்த ஏத்தத்தாழ்வு இருக்குன்னு மறந்துட்டு கிராம மக்கள்னு ஒரே பேச்சாப் பேசிட்டா அதுவும் நியாயம் இல்ல. குகைலயும் அதே கதைதான், ஏழு குகையில அஞ்சு சைவம், ரெண்டு பௌத்தம், அது ரெண்டும் கிழக்கு மலையில இருக்கு. ஜனமெல்லாம் பெரிய குகையில சதாசிவன் சிலை முன்னாடி நெரிச்சுக்கிட்டு நிக்குது. ஊர்ப் பசங்களைப் பயிற்சி கொடுத்து அந்தப் பக்கம் சின்னச் சின்ன குழுவா நடத்திக் கூட்டிட்டுப் போனா நெரிசலும் பிரியும், மோராபந்தர் பக்கமும் சோறு விக்கும்.

அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?

டிசம்பர் 3

அக்கா பதில் போட்டாங்க, "பொண்ணுங்க சமையல்கட்டுலயே நிக்கணுமா, கணக்கும் அவங்க கையில வரணும்"னு. நூத்துக்கு நூறு. நான் சாப்பாடுன்னு எழுதினப்ப அதைச் சேத்து எழுதியிருக்கணும்னு தோணுது, சேத்துக்கறேன்: முன்பதிவு, வசூல், பங்கு பிரிக்கிறது மூணும் பசத் கட் பேர்ல பேங்க் கணக்குல.

டோலி தூக்குறவங்க பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார், மனுஷனை மனுஷன் தூக்குறது சரியான்னு. சரியில்லதான். மும்பைக்குப் பக்கத்து மலை ஊர் மாத்தேரான்ல கை ரிக்ஷா விஷயத்துல 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ஆறு மாசத்துல நிறுத்தணும்னு சொல்லிடுச்சு, பதிலுக்கு இ-ரிக்ஷா, அதுவும் இழுத்தவங்களுக்கே கிடைக்கணும்ங்கறதுதான் அங்க பெரிய சண்டையே. காராபுரியில படிக்கட்டு, அதனால இ-ரிக்ஷா ஏறாது. டோலிக்குப் பதில் என்ன வந்தாலும் அதை ஓட்டுறவங்க இன்னைக்கு தோள் கொடுக்கிறவங்களா இருக்கணும், அதைத் திட்டம் ஆரம்பிக்கும்போதே பேரோட எழுதிடணும்.

டிசம்பர் 7

சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும், ஆனா இருக்கு. 2010 ஆகஸ்ட்ல எம்எஸ்சி சித்ரா, கலீஜியான்னு ரெண்டு கப்பல் மும்பை துறைமுக வாசல்ல மோதி எண்ணெய் கொட்டுச்சு. எலிஃபெண்டா கரையில சதுப்புக்காட்டு வேரெல்லாம் கறுப்பு. மீன் சாப்பிடக் கூடாதுன்னு எச்சரிக்கை, கோலி ஜனத்துக்கு வருமானம் நின்னுச்சு. அந்தக் கரையில ஒதுங்குற குப்பையில டூரிஸ்ட் போட்டது பாதி கூட இருக்காது, மழையில மும்பை நாலாவெல்லாம் (சாக்கடைக் கால்வாய்) கக்குறது ஓதத்துல அங்க போய்ச் சேருது. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் எண்ணெய் இறக்குற ஜவஹர் தீவு, வடக்கால அடல் சேது கடல் பாலம். இதுக்கு நடுவுல இருக்கிற ஊர்கிட்ட, உங்க டூரிஸ்ட்டைக் கட்டுப்படுத்துங்கன்னு மட்டும் சொல்றது எப்படி?

அதனாலதான் எண்ணிக்கைக்குப் பதிலா எந்த நிலைமை வரைக்கும் ஏத்துக்குவோம்னு ஊர் முடிவு பண்ற முறை எனக்குப் பிடிக்குது. அமெரிக்க வனத்துறை 1985ல கொண்டு வந்த முறை அது. கிணத்துல இந்த மட்டத்துக்குக் கீழ தண்ணி போச்சுன்னா அந்த வாரம் படகைக் குறை. கரையில அளந்து பாத்த குப்பை இந்த எடையைத் தாண்டினா டெபாசிட்டை ஏத்து. கடைசி படகுல நிக்க இடம் இல்லாம ஆள் மிஞ்சினா அடுத்த ஞாயிறு காலைலயே நிறுத்து. அளக்கிறது ஊர்ப் பசங்க, பள்ளிக்கூடச் சுவர்ல எழுதிப் போடலாம், யாரும் வந்து படிக்கலாம். போராகே மாதிரி 6,405ன்னு ஒரு எண்ணைப் போட்டுட்டு பத்து வருஷம் அதையே பிடிச்சுத் தொங்க வேண்டியதில்ல, மார்ச்ல வேற, நவம்பர்ல வேற வரட்டும்.

டிசம்பர் 18

போன வருஷம் இதே நாள். நீல்கமல் படகு, கேட்வேலருந்து எலிஃபெண்டா போய்க்கிட்டிருந்தது, கடற்படை ஸ்பீட்போட் மோதி மூழ்கி 15 பேர் போயிட்டாங்க. குழந்தையோட போன குடும்பம் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி செம்பூர்ல எங்க தெருவுல யாருமே சரியாத் தூங்கல, எல்லாருக்கும் ஊர்லருந்து போன், நம்ம ஆளுங்க யாராவது அந்தப் படகுல இருந்தாங்களான்னு.

அதுக்கப்புறம் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்னாங்க. கொடுத்தா போட்டுக்கங்க, வியர்க்குதுன்னு மடியில வச்சுக்காதீங்க, குழந்தைக்கு முதல்ல கட்டுங்க. அதைத் தவிர வேற எதையும் இன்னைக்கு எழுத மனசு வரல.

டிசம்பர் 19

நேத்து விட்டதை எழுதறேன். அந்தப் படகுகள் நமக்கு பிக்னிக், காராபுரி ஜனத்துக்கு அதுதான் ரோடு. மேல்படிப்புக்குப் போற பசங்க, கரையில வேலைக்குப் போறவங்க, ஆஸ்பத்திரி, மார்க்கெட், எல்லாம் தண்ணி வழி. சாயங்காலம் டூரிஸ்ட் எல்லாம் ஒரே நேரத்துல திரும்பும்போது ஜெட்டில ஏற்படுற நெரிசல்ல ஊர்க்காரரும் மாட்டிக்கிறார். ஆளுக்கு நேரம் குறிச்சு டிக்கெட் கொடுத்தா, காலைல போனவர் மதியமே திரும்பினா, அந்தக் கடைசி மணி நேரம் இளகும். ராத்திரி ஒரு பொண்ணுக்கு வலி எடுத்தா உடனே கிளம்ப ஒரு அவசரப் படகு, டிரைவரோட, டீசலோட, ஜெட்டிலயே நிக்கணும். சுற்றுலாத் திட்டத்துல இது எதுக்குன்னு கேக்காதீங்க. சுற்றுலாக் காசுல முதல்ல செய்ய வேண்டியதே இதுதான்.

டிசம்பர் 21

மாட்டுங்கா அண்ணன் திரும்ப வந்து கேட்டிருக்கார், "சரி, இதெல்லாம் யார் எப்ப எழுதறது, வெறும் பேச்சா"ன்னு. வெறும் பேச்சு இல்ல அண்ணே. ஒவ்வொரு கிராம பஞ்சாயத்தும் வருஷா வருஷம் வளர்ச்சித் திட்டம் போட்டு கிராம சபையில வைக்கணும், நாடு முழுக்க 2018லருந்து அக்டோபர் 2ஐ ஒட்டி அதுக்குன்னே இயக்கம் நடக்குது. நம்ம தமிழ்நாட்டுல ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ல கிராம சபை கூடுதே, இங்கயும் குடியரசு தினத்துக்குக் கூடுவாங்க. அந்தத் திட்டப் புத்தகத்துல ரோடு, கால்வாய், அங்கன்வாடின்னு தலைப்பு வருது. காராபுரிக்கு வருமானமே சுற்றுலாதான்னா அதுக்கு ஒரு தலைப்பு அதுல இருக்கணும், தண்ணி மட்டம், குப்பைப் படகு, டெபாசிட், சாப்பாட்டு முறை, அவசரப் படகு, குகைச் சீட்டுல ஒரு பங்கு பஞ்சாயத்துக்கு வேணும்ங்கற கோரிக்கை, எல்லாம் தீர்மானமா. தீர்மானம் போட்டாத்தான் மாவட்டத்துலயும் டெல்லிலயும் கேக்க ஒரு காகிதம் இருக்கும். அதைப் போட வேண்டியது அவங்க, நமக்கு அங்க ஓட்டு இல்ல, இருக்கவும் கூடாது.

மும்பைல இருக்கிற நம்ம தமிழ்ச் சங்கங்கள் செய்யக் கூடியது வேற. வருஷா வருஷம் பஸ் பிடிச்சு ஐம்பது, நூறு பேரை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறோமே, அதை புதனோ வியாழனோ மாத்தணும். முன்னாடியே பஞ்சாயத்துக்குச் சொல்லி மதியச் சாப்பாட்டை அங்க ஊர்ப் பொண்ணுங்ககிட்ட ஆர்டர் கொடுக்கணும், மாட்டுங்காலருந்து புளியோதரை பொட்டலம் கட்டிட்டுப் போய் அங்க பொட்டலத்தைப் போட்டுட்டு வரக் கூடாது. தண்ணி நம்ம கரையிலருந்து. குப்பை நம்மளோட திரும்பணும். எங்க சங்கத்துல செயலாளர்கிட்ட பேசிட்டேன், பிப்ரவரி பயணத்தை வார நாளுக்கு மாத்த சம்மதிச்சிட்டார்.

பஞ்சாயத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கேன், சாப்பாடு யார் மூலமா சொல்லணும், எத்தனை பேர் வந்தா அவங்களுக்குச் சௌகரியம், எந்த மாசம் வர வேண்டாம்னு கேட்டு. என் மராத்தி பேச்சுக்கு ஓடும், எழுத்துக்கு ஓடாது. செம்பூர், சயான் பக்கம் மராத்தி மீடியத்துல படிச்ச நம்ம பிள்ளைங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வீட்டுக்கே வர்றேன், வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடணும்.